வெட்டி எறிந்த காட்சிகள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் சினிமாப் பக்கத்தில், இத்தாலியில் நடந்த கலைத் திருட்டுகளைப் பற்றிய ஆவணப்படங்கள் குறித்து ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் அதை எழுதியவர் அந்தப் படங்களில் எந்தக் காட்சியைப் பார்த்து வியந்தாரோ அதே காட்சியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். திருடன் கதிரையில் சாய்ந்திருப்பான், பாதி முகம் இருட்டில், சிகரெட் புகைக்கு நடுவில் தன் வீரப்பிரதாபத்தைச் சொல்லுவான், பின்னால் மெல்லிய இசை போகும். அந்தக் காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டுமானால் வெட்டுங்கள். வெட்டியதை மட்டும் எறிய வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் 22 வருசமாக இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் இருக்கிறேன். இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர். சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்து போகிற கூட்டத்தில் இத்தாலியரும் தமிழரும் கலந்துதான் இருப்பார்கள். வீட்டு வேலை, சமையலறை வேலை எல்லாம் செய்து முடித்து இப்போது வாகனம் ஓட்டுகிறேன். சில வருசங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழு கலைத் திருட்டைப் பற்றிப் படம் எடுக்க சிசிலிக்கு வந்தது. 11 நாள் அவர்களுக்குச் சாரதி நான். சிசிலிப் பேச்சு விளங்கும் என்றபடியால் பாதி மொழிபெயர்ப்பாளனும் நான்தான். யார், எந்தத் தொலைக்காட்சி என்பதெல்லாம் வேண்டாம். நல்ல பிள்ளைகள், காசும் ஒழுங்காகத் தந்தார்கள்.

முதல் நாள் போனது சான் லொரென்ஸோ சிற்றாலயத்துக்கு. பழைய நகரத்தின் ஒரு ஒடுங்கிய தெருவில், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத கட்டடம். உள்ளே போனால் சுவர் முழுக்க செர்போத்தா செய்த வெள்ளைச் சாந்துச் சிற்பங்கள், குழந்தைகள் ஏறி விழுந்து விளையாடுகிறார்கள், ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிற மாதிரி. பீடத்துக்கு மேலே புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் இயேசு பிறப்பு ஓவியம் இருந்தது. 1969 ஒக்டோபர் 17 இரவு யாரோ உள்ளே நுழைந்து சட்டத்திலிருந்து துணியைக் கத்தியால் வெட்டிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டரை மீற்றருக்கு மேல் உயரமான ஓவியம். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது அங்கே தொங்குவது 2015 டிசெம்பரில் வைத்த பிரதி. பழைய புகைப்படங்களைக் கொண்டு இயந்திரத்தாலும் கையாலும் செய்தது. அதற்குக் காசு போட்டதும் ஒரு தொலைக்காட்சி நிறுவனம்தான், செய்கிற வேலையை அப்படியே படமாகவும் எடுத்தார்கள். திறந்து வைக்க ஜனாதிபதி மத்தரெல்லா வந்திருந்தார், அவரும் இந்த ஊர்க்காரர்.

இன்னொன்றும் சொல்வார்கள். திருட்டுக்குக் கொஞ்ச காலம் முன்புதான் இத்தாலியத் தொலைக்காட்சி, மக்கள் கவனிக்காமல் விட்ட பொக்கிஷங்கள் என்று ஒரு நிகழ்ச்சியில் இந்த ஓவியத்தைக் காட்டியதாம். பெறுமதியானது, காவல் இல்லை, இந்த இரண்டையும் ஒரே தடவையில் நாடு முழுக்க அறிவித்த மாதிரி ஆகிவிட்டது. கமரா போய்க் காட்டிக்கொடுத்த இடத்திலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பிறகு அதே கமரா வந்து "ஐயோ, எப்படிப் போனது" என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். எங்கள் குழுவின் இயக்குநரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். படத்தில் போடவில்லை.

அவர் தேடி வந்தது பன்றியை. உங்கள் கட்டுரையாளரும் அதைத்தான் ஒரு முழுப் பந்தி எழுதியிருக்கிறார். அரச தரப்புச் சாட்சிகளாக மாறிய மாஃபியாக்காரர்கள் இந்த ஓவியத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர், சுருட்டும்போதே பழுதாகிவிட்டது, எரித்துவிட்டோம் என்றார். இன்னொருவர், தோட்டத்து மாட்டுத்தொழுவத்தில் ஒளித்து வைத்தபோது எலியும் பன்றியும் தின்றுவிட்டன என்றார். பெரிய தலைவர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கால் மிதிக்கிற விரிப்பாகப் போட்டிருந்தார் என்றும் ஒரு கதை. கடைசியாக 2018இல் நாடாளுமன்றத்தின் மாஃபியா எதிர்ப்பு ஆணைக்குழு, ஓவியம் சுவிற்சலாந்து வியாபாரி ஒருவரிடம் போயிருக்கிறது, துண்டு போட்டு விற்றிருக்கலாம் என்கிற பக்கம் சாய்ந்தது. இவற்றில் எது உண்மையாக இருந்தாலும் மற்றதெல்லாம் பொய். ஆனால் படங்களைப் பாருங்கள், எல்லாவற்றிலும் பன்றி வரும், ஏனென்றால் பன்றி நல்ல காட்சி. பன்றி கரவாஜியோவைத் தின்றது என்று சொன்னால் எவனும் ரிமோட்டைத் தொடமாட்டான்.

ஒரு பழைய குருவானவரின் கதை இருக்கிறது. அந்தச் சிற்றாலயம் இருந்த பங்கின் பொறுப்பாளர் அவர். 2001இல் ஓர் இளம் இத்தாலிய ஆவணப்பட இயக்குநர் அவரிடம் போய்க் கமராவை வைத்துப் பேசவைத்தார். குருவானவர் ஆறுதலாக எல்லாம் சொன்னார். திருடர்களிடமிருந்து தனக்குக் கடிதம் வந்தது, பேரம் பேச வேண்டுமென்றால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள், கையில் இருப்பது உண்மையான ஓவியம்தான் என்று காட்டத் துணியில் ஒரு சிறு துண்டை வெட்டி அனுப்பினார்கள், தான் அதையெல்லாம் அதிகாரிகளிடம் கொண்டு போனேன், நடந்தது ஒன்றுமில்லை, கடைசியில் தன்னையே சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்று. அப்படியென்றால் ஓவியம் அன்றிரவே பழுதாகவும் இல்லை, உடனே பன்றி தின்னவும் இல்லை. மாஃபியா மேல்மட்டம் அதை வைத்துப் பேரம் பேசியிருக்கிறது. அந்த நாடா கிட்டத்தட்ட 18 வருசம் வெளியே வராமல் கிடந்து 2019இல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. குருவானவரிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம் என்றால் அவரும் இல்லை.

இதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். எங்கள் குழு அந்த 11 நாளில் எத்தனை மணித்தியாலம் படம்பிடித்தது? நான் கண்ணால் பார்த்தது மட்டும் 40 மணித்தியாலத்துக்குக் குறையாது. வெளியே வந்த படம் 52 நிமிடம். மீதி எங்கே?

அந்த மீதியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நாங்கள் ஐதோனேக்குப் போனோம். சிசிலியின் நடுவில், மலைமேல் ஒரு சின்ன ஊர். அதற்குப் பக்கத்தில்தான் மோர்கந்தீனா என்ற பழைய கிரேக்க நகரத்தின் இடிபாடு. அங்கே களவாகத் தோண்டிப் பிழைத்த கிழவர் ஒருவர் பேசச் சம்மதித்திருந்தார். இந்த வேலை செய்பவர்களை இத்தாலியில் தொம்பரோலி என்பார்கள், கல்லறை தோண்டிகள். நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை நிலத்தில் குத்திப் பார்ப்பார்கள், கம்பி இறங்குகிற விதத்தில் கீழே குழி இருக்கிறதா கல் இருக்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். கிழவர் அதைச் செய்து காட்டினார். இயக்குநருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெயில் சாய்ந்த நேரம், கிழவரின் நரைமயிர், கம்பி, தங்க நிறப் புல். அதே காட்சியை மூன்று தரம் எடுத்தார்கள். மூன்றாம் தரம் கிழவர் நடிக்கவே தொடங்கிவிட்டார், முதல் தரம் சொல்லாத ஒரு தங்க மாலையும் கதைக்குள் வந்துவிட்டது. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், முதலில் மாலை இல்லை என்றும் சொன்னேன். படத்தில் மாலை இருக்கிறது.

ஆனால் இடையில் ஒருதரம் கமரா ஓடிக்கொண்டிருக்கையில் கிழவர் வேறு ஒன்று சொன்னார். எந்தச் சரிவில் எந்தக் காலத்தில் தோண்டினார்கள், கிடைத்ததை யாருடைய லொறியில் வடக்கே ஏற்றினார்கள், சாமானை உடைத்தால் கொண்டுபோகச் சுகம் என்று யார் சொல்லிக்கொடுத்தது. சிசிலிப் பேச்சில், வேகமாக, பல் இல்லாத வாயால். இயக்குநருக்கு விளங்கவில்லை, நான் சுருக்கமாகச் சொன்னேன், தேவையில்லை என்றார். அது படத்தில் இல்லை. அந்தக் கிழவர் இப்போது உயிரோடு இல்லை என்று ஐதோனேயில் தெரிந்த ஒருவர் சொன்னார்.

அந்த ஊர் அருங்காட்சியகத்தில்தான் மோர்கந்தீனாவின் தேவி நிற்கிறாள். இரண்டு மீற்றருக்கு மேல் உயரம், உடம்பு சுண்ணாம்புக்கல், முகமும் கையும் பளிங்கு, உடையின் மடிப்புகள் காற்றில் ஒட்டிக்கொண்ட மாதிரி. கி.மு. 5ஆம் நூற்றாண்டு. சுவிற்சலாந்து எல்லையில் புகையிலைக் கடை வைத்திருந்த ஒருவர் 4 இலட்சம் டொலருக்கு இலண்டன் வியாபாரி ஒருவரிடம் விற்றார், இரண்டு வருசம் கழித்து 1988இல் கலிபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகம் அதையே 18 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 1939 முதல் எங்கள் குடும்பத்தில் இருந்த சிலை என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த வருசம் சும்மா வந்ததில்லை. நிலத்துக்குள் இருந்து எடுத்த தொல்பொருள் அரசுக்குத்தான் சொந்தம் என்பதை இறுக்கிப்பிடித்த இத்தாலியச் சட்டம் 1939ஆம் வருசத்தது. அவ்வளவு கணக்காகக் குடும்பச் சொத்து. 2011இல் தேவி திரும்பி வந்தாள்.

அமெரிக்காவில் இருந்தபோது இலட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், இங்கே நாய்கூட வராது என்று எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் கட்டுரையிலும் அந்தச் சாயல் ஒரு வரியில் தெரிந்தது. உண்மைதான், நாங்கள் போன அன்று எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். ஆனால் அவளுக்குப் பக்கத்து அறையில், அதே மண்ணில் கிடைத்த உடைந்த பானையும் விளக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாளரத்துக்கு வெளியே அந்த மலை. கலிபோர்னியாவில் அவள் தனியாக நின்றாள். முதலில் கிரேக்கரின் காதல் தேவி அப்ரோடைற்றி என்றார்கள், இப்போது விளைச்சல் தேவி தெமேத்தராக இருக்கலாம், அவள் மகள் பெர்செபொனியாக இருக்கலாம் என்கிறார்கள். எந்தக் கோயிலில், எந்த மூலையில், எதற்குப் பக்கத்தில் நின்றாள் என்பது தெரிந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. தோண்டினவன் அந்த விவரத்தை அழித்துவிட்டான். சிலையைத் திருப்பித் தரலாம், அதைத் திருப்பித் தர ஆளில்லை. ஒரு ஆவணப்படம் இதைக் காட்டுமா என்றால் காட்டாது, இல்லாத ஒன்றை எப்படிப் படம் எடுப்பது?

எடுக்கலாம் என்று அதே அருங்காட்சியகத்தில் நான் கண்டேன். அங்கே சுடுமண்ணால் செய்த ஒரு தலை இருக்கிறது, பாதாள தேவன் ஹேடீஸ். நீலத் தாடி. இதுவும் கெட்டி வாங்கி வைத்திருந்ததுதான். மோர்கந்தீனாவில் முறையாக நடந்த அகழ்வில் கிடைத்து ஐதோனேயின் களஞ்சியத்தில் கிடந்த சில நீலச் சுருள்களை ஆராய்ச்சிப் பெண்கள் இருவர் கவனித்தார்கள். விரல் நுனியளவு சுடுமண் சுருள், தாடியிலிருந்து உதிர்ந்தது. அது கெட்டியில் இருந்த தலையோடு பொருந்தியது. அதற்கு மேல் யார் என்ன வாதாடுவது? 2016 ஜனவரியில் தலை வீட்டுக்கு வந்தது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, பன்றி இல்லை. யாரோ ஒருவர் பல வருசத்துக்கு முன் ஒரு சின்னச் சுருளை எறியாமல், இன்ன இடத்தில் கிடைத்தது என்று குறிப்பெழுதி, பெட்டியில் போட்டு வைத்தார், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை இந்த விசயத்தில் இதைவிட விறுவிறுப்பான கதை இல்லை. அருங்காட்சியகத்தில் வேலை செய்த அம்மா ஒருவர் இதை எங்கள் கமராவுக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி 20 நிமிடம் சொன்னார். படத்தில் தலை 3 செக்கன் வருகிறது.

கட்டுரையாளர் ஜெனீவாக் கிடங்கைப் பற்றி எழுதியது சரி, 1995இல் களவுத் தொல்பொருள் வியாபாரி ஜாக்கொமோ மெதிச்சியின் களஞ்சியத்தை உடைத்துத் திறந்தபோதுதான் எல்லாம் தலைகீழானது. ஆனால் அங்கே அவரைப் பிடித்துக்கொடுத்தது புகைப்படம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம். எடுத்த உடனே கமராவிலிருந்தே அச்சாகி வரும் பொலராய்ட் படங்கள், ஆயிரக்கணக்கில். மண் ஒட்டிய பானைகள், துண்டு துண்டாகக் கிடக்கும் சிலைகள், பிறகு அதே பொருள் ஒட்டித் துடைத்து அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள். அந்த மாதிரிப் பொலராய்ட் கமரா விற்பனைக்கு வந்ததே 1972இல். அப்படியானால் அந்தப் பொருட்கள் அதற்குப் பிறகுதான் மண்ணுக்கு வெளியே வந்து படத்துக்குள் விழுந்திருக்கின்றன, பாட்டன் காலத்துச் சேகரிப்பு என்ற கதை அங்கேயே செத்தது. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் 10 இலட்சம் டொலருக்கு வாங்கிய, பழைய கிரேக்க ஓவியர் எவுப்ரோனியோஸ் சித்திரம் தீட்டிய பெரிய கலத்துக்குப் பக்கத்தில் நின்று மெதிச்சி படம் வேறு எடுத்துக்கொண்டார். செர்வெத்தெரியில் களவாகத் தோண்டிய கலம் அது, 2008இல் இத்தாலிக்கு வந்தது. ஆளுக்கு 2004இல் 10 வருசத் தண்டனை, மேல்முறையீட்டில் 8 ஆனது. ஒருவகையில், அந்தப் பொலராய்ட்களால் தன்னைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது அவரேதான். அதுவும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்.

இங்கே ஒரு சின்னப் புகார். இத்தாலியில் அரச அருங்காட்சியகத்துப் பொருளை வியாபார நோக்கத்தோடு படம் எடுக்க வேண்டுமானால் 2004ஆம் வருசப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி அனுமதி வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். 2023இல் அமைச்சு ஒரு கட்டணப் பட்டியலே போட்டது, ஆராய்ச்சியாளர்கள் கத்திய பிறகு அடுத்த வருசம் கொஞ்சம் தளர்த்தினார்கள். சிசிலியில் இதெல்லாம் பிராந்திய அரசின் கையில், அங்கே கடிதம் இன்னும் இரண்டு மேசை அதிகமாகச் சுற்றும். எங்கள் தயாரிப்பு மேலாளர் அந்தப் பத்திரங்களோடு பட்ட பாட்டைப் பார்த்தேன். திருடனைப் படம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு போத்தல் வைன் போதும். திருடப்பட்டதைப் படம் எடுக்கத்தான் முத்திரை. பிறகு ஏன் படங்களில் திருடனின் முகம் மட்டும் நிறைய வருகிறது என்று கேட்டால் எப்படி?

சரி, என் விசயத்துக்கு வருகிறேன். கராபினியேரி என்ற இத்தாலியக் காவல்படையில் பண்பாட்டுச் சொத்துக்கென்று தனிப் பிரிவு 1969 மே மாதத்தில் தொடங்கியது. இந்த விசயத்தில் யுனெஸ்கோ உடன்படிக்கையே அடுத்த வருசம்தான். களவுபோன பொருட்களின் படமும் விவரமும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் 10 இலட்சத்துக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. சந்தையில் ஒரு சிலுவையையோ சித்திரத்தையோ வாங்கப் போகிறவன் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செயலிகூட விட்டிருக்கிறார்கள். படம் இருந்தால் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் பொருள் எதிரே வந்தாலும் இது எங்களுடையது என்று சொல்ல வழியில்லை. கிராமத்துக் கோயில்களில் போனது பலவும் அப்படித்தான், ஒருதரமும் படம் எடுக்காமலே போனவை.

இவ்வளவு பொருளின் படத்தைச் சேர்க்கிற நாட்டில், அந்தப் பொருளைத் தொட்டவர்களின் பேச்சைப் பதிவுசெய்த காட்சிகள் தயாரிப்பு நிறுவனங்களின் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. தொம்பரோலிகள், பழைய காவலர்கள், ஆலயத்தைப் பூட்டித் திறந்தவர்கள், எல்லாரும் வயதானவர்கள். எனக்குத் தெரிந்து எங்கள் குழுவின் காட்சிகள் இரண்டு வன்தட்டுகளில் இருந்தன, ஒன்றில் பச்சை ஒட்டுத்தாள். இயக்குநருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். நிறுவனம் கைமாறிவிட்டது, வன்தட்டு அநேகமாக அழித்து வேறு வேலைக்குப் போட்டிருப்பார்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கிழவர் சொன்ன லொறிக்காரனின் பெயர் எனக்குப் பாதிதான் ஞாபகம். பாதிப் பெயரை வைத்து ஒரு மனிதனைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதால் அதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

அதனால் கேட்கிறேன். இந்த மாதிரிப் படம் எடுக்க இத்தாலிக்குள் வருகிறவனுக்கு அனுமதிக் கடிதம் கொடுக்கும்போதே, கட்டணத்தைக் குறைத்துவிட்டு, வெட்டாத முழுப் பதிவின் ஒரு பிரதியை ஓர் ஆவணக் காப்பகத்தில் வைத்துவிட்டுப் போ என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? பேசியவரின் பாதுகாப்புக்காக 10 வருசமோ 20 வருசமோ மூடி வைக்கட்டும். மறைத்துவைத்த மூலங்களைச் செய்தியாளன் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு இயக்குநர் எதிர்ப்பார் என்பதும் தெரியும், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெயரை மறைப்பது வேறு, பேச்சையே அழிப்பது வேறு.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அடுத்த தரம் இப்படி ஒரு படத்துக்கு விமர்சனம் போடும்போது, இயக்குநரிடம் தொலைபேசியில் பேசினால், திருடனை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்கிற இடத்தில், எத்தனை மணித்தியாலம் எடுத்தீர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பதிலை அச்சில் போடுங்கள்.

இன்னொரு திருத்தம். நீங்கள் போட்டிருந்த வண்ணப்படத்துக்குக் கீழே கரவாஜியோவின் ஓவியம், பலேர்மோ என்று இருந்தது. அது பிரதி. நான் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வடிவாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பலேர்மோவிலிருந்து ஒரு வாசகன்